என் வயிறு சொன்ன சாட்சி

ரெண்டு வாய் சோறு உள்ளே போகும். மூன்றாவது வாய்க்கு மேல்வயிறு இறுகிக்கொள்ளும். காற்று அதிகம் அடித்த சைக்கிள் டியூப் மாதிரி திம்மென்று நிற்கும். எனக்கு வந்த நோயின் முதல் அடையாளம் இதுதான். ஆனால் அப்போது நான் அதை நோய் என்று நினைக்கவில்லை. தட்டில் இருக்கிற சோறு கெட்டது என்று என் வயிறே சாட்சி சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதச் சொன்னது எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பள்ளிக்கூடமும் அஞ்சாவதோடு நின்றுபோனது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன். வயிறு, கழிவு, கிருமி என்று கூச்சப்படும் விஷயமெல்லாம் இதில் வரும். இதே தொல்லையில் இருப்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒன்றை மட்டும் எழுத மாட்டேன். நான் எத்தனை கிலோ இளைத்தேன் என்பது. இந்த நோய் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்தால் தங்கள் எண்ணோடு வைத்துப் பார்ப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாங்கள் துடியலூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருந்தார். இப்போது கடையை மகன் பிரபு பார்க்கிறான். மருமகள் கவிதா நூல் மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓடுவாள், பொழுதோடு வந்து மறுபடி சமைப்பாள்.

சென்னிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். வந்த மறுநாள் நாலு பேருக்கும் வாந்தி, பேதி. மற்ற மூன்று பேருக்கும் தானாக நின்றுவிட்டது. எனக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை (நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து) கொடுத்தார்கள். பேதி நின்றது. வயிறு இறுகுவது மட்டும் நிற்கவில்லை.

அதிலிருந்துதான் சந்தேகம் பிடித்தது. முதலில் எண்ணெய்மேல். கவிதா வேறு எண்ணெய் மாற்றிவிட்டாளோ என்று பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதே எண்ணெய்தான். அப்படியானால் கம்பெனிக்காரன் கலப்படம் செய்கிறான் என்று நினைத்தேன். எண்ணெய் பட்டதையெல்லாம் நிறுத்தினேன். அப்போதும் வயிறு இறுகியது. அடுத்து பருப்பு. அதன்பிறகு பால். பால் பாக்கெட்டைப் பிரித்ததும் மோந்து பார்ப்பேன். காய்க்கு மருந்தடிக்கிறார்கள் என்று ஒரு நாள் யாரோ சொன்னதைக் கேட்டு, காய் மேலும் ஆசை விட்டுப்போனது. ஒன்றை நிறுத்தினால் வயிறு சும்மா இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது. அப்போது அடுத்ததைப் பிடிப்பேன். நிறுத்தினதில் ஒன்றைக்கூடத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சாப்பிடாமல் இருப்பதை ஒரு வீட்டில் எத்தனை நாள் மறைக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அது சுலபம். ஒருசந்தி என்று சொன்னால் போதும். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு சாமிக்கு இருக்கும் விரதம் அது. அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், வற்புறுத்தினால் அவர்களுக்குப் பாவம். முதலில் கிருத்திகைக்கு மட்டும் இருந்தேன். பிறகு சஷ்டி வந்தது, அமாவாசை வந்தது, செவ்வாயும் வெள்ளியும் வந்தன. யாரையும் ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. வயிற்றுக்கு ஓய்வும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு என்றுதான் இருந்தது.

சத்தியமங்கலத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். நான் எனக்குத் தட்டு வைக்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தேன்.

"ஏனுங்க அண்ணி, நீங்க உக்காருலீங்களா?"

"இன்னைக்கு ஒருசந்தி கண்ணு. நீ சாப்பிடு."

"போன தடவ வந்தப்பவும் ஒருசந்தின்னு சொன்னீங்க. நீங்க இருக்கற விரதத்துல எங்க ஊடு வரைக்கும் புண்ணியம் வருதுங்க."

எங்கள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முருகரே இவளக் கண்டா ஒளிஞ்சுக்குவாரு. ஒரு நாளாச்சும் அவரச் சும்மா உடறாளா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கவிதா மட்டும் சிரிக்கவில்லை. நாத்தனார் போன பிறகு நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "அத்தை, நீங்க ரெண்டு வேளை சாப்பிடற நாள் எதுன்னு மட்டும் காட்டுங்க. அன்னைக்கு மட்டும் நான் உங்களுக்கும் சேர்த்து ஒலை வெக்கறேன்." எனக்குக் கோபம் வந்தது. சாமி விஷயத்தில் கிண்டல் செய்கிறாளே என்று அல்ல. இவள் ஏன் நான் சாப்பிடுவதையே குறியாக வைத்திருக்கிறாள் என்று.

ரவிக்கை தொளதொளத்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எதிரில் வருகிறவர்கள் "சுகருங்களா?" என்றார்கள். பிரபு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்று டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்லீங்கம்மா, நல்லா சாப்பிடுங்க, வெசனப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, பிரபுவிடம் மட்டும் இங்கிலீஷில் ஏதோ பேசினார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. புற்றுநோய் வந்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் ரெண்டு பேர் மெதுவாகப் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினால் சரியாகப்போச்சு என்று நினைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் குடல் கிருமி எங்கள் வீட்டுக்குள் வந்தது. பிரபு போனில் ஒரு பேச்சைக் காட்டினான். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்) இருக்கிறது, அதில் நல்லது உண்டு, கெட்டது உண்டு, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் நல்லது செத்துப்போகும் என்று ஒருவர் பேசினார். பழைய சோற்றுத் தண்ணீரில் நல்ல பாக்டீரியா நிறைய இருக்கிறது, அதைக் குடித்தால் எல்லாம் சரியாகும் என்றார்.

"பாருங்கம்மா, இதுதான் விஷயம். பேதிக்கு மாத்திரையக் குடுத்து உள்ள இருந்ததயெல்லாம் கொன்னுபோட்டாங்க" என்றான் பிரபு.

அவனுக்கு நிம்மதி. எனக்கு அதைவிட நிம்மதி. பருப்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், நீராகாரம் போதும் என்று வீடே சொல்கிறது. சோற்றை வடித்து ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தேன். "நல்ல கிருமி எல்லாம் தண்ணியிலதான கண்ணு இருக்குது" என்று கவிதாவிடம் சொன்னேன். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சித்தெ நின்று யோசியுங்கள். நோய்க்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, குறைவாகச் சாப்பிட எனக்கு ஒரு நல்ல பெயர் கொண்ட காரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். விரதத்துக்காவது ஒரு வேளை சோறு உண்டு. இதற்கு அதுவும் இல்லாமல் போனது.

இளைப்பது நிற்கவில்லை. பிரபு அடுத்த வேலை செய்தான். குடலில் என்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கம்பெனிக்குப் பணம் கட்டினான். கூரியரில் ஒரு சின்ன டப்பா வந்தது. உள்ளே ஒரு குப்பி, மூடியோடு சேர்ந்த குட்டிக் கரண்டி. எதற்கு என்று கவிதா படித்துச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எடுத்து மூடி, ரெண்டு பை போட்டுக் கட்டி, மாடிப்படிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் வைத்தேன். கூரியர் ஆள் வாங்க வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"உள்ள என்னங்க இருக்குது?" என்று அவன் கேட்டான்.

"சாம்பிள் தம்பி, டெஸ்டுக்குப் போகுது" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"மண்ணுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உரம்னு வெச்சுக்க" என்றார்.

ரிப்போர்ட் பிரபுவின் போனுக்கு வந்தது. அவன் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தான். வட்டம் வட்டமாகக் கலர் போட்டிருந்தது. எனக்கு எந்தெந்த நல்ல பாக்டீரியா கம்மி என்று முதல் பக்கத்தில் இருந்தது. பின்பக்கத்தில் நான் சேர்க்கக் கூடாத சாப்பாட்டுப் பெயர்கள் சிவப்பில் இருந்தன. பருப்பு இருந்தது. பால் இருந்தது. கத்தரிக்காயும் தக்காளியும் இருந்தன. நான் நினைத்துக்கூடப் பார்க்காத சிலதும் இருந்தன.

கவிதா படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு விம்மியது. "பார்த்தியா கண்ணு, நான் சொன்னப்ப யாரு நம்புனீங்க?" என்றேன். சிவப்பில் இருந்ததில் இன்னும் நிறுத்தாமல் வைத்திருந்ததையும் அன்றோடு நிறுத்தினேன்.

கவிதா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பச்சையில போட்டிருக்கறதயாச்சும் சாப்பிடுங்க அத்தை" என்றாள். பச்சையில் இருந்தது எங்கே விற்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. நாடி ரொம்ப மெதுவாக அடிப்பதாகவும், இரத்தத்தில் பொட்டாசியம் (இதயம் சீராக அடிக்கத் தேவையான உப்பு) இறங்கிவிட்டதாகவும் பேசிக்கொண்டார்கள்.

அங்கே என்னைப் பார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். மனநல மருத்துவர் என்று நர்ஸ் சொன்னதும் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பைத்தியம் என்று கட்டிவிடப் பார்க்கிறார்கள், மகனும் மருமகளும் சேர்ந்து செய்கிற ஏற்பாடு என்று தோன்றியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் நான்தான் கேட்டேன். "எனக்கு என்னங்க வந்திருக்குது?"

"உணவுக் கோளாறுன்னு சொல்லுவோம்ங்கம்மா. அதுல உங்களுக்கு வந்திருக்கறது சாப்பாட்டைக் கண்டு பயந்து ஒதுக்கற வகை."

"அது காலேஜ் புள்ளைங்க ஒல்லியாகறதுக்குப் பட்டினி கெடப்பாங்களே, அதுங்களா? நான் கண்ணாடி பார்த்தே எத்தனையோ நாளாச்சுங்களே."

"அது ஒரு வகைங்க. இதுல அழகு ஒன்னும் கெடையாது. பயம்தான். இது எந்த வயசுலயும் வரும். வயித்து நோவு வந்து போன பொறவு நிறையப் பேருக்கு ஆரம்பிக்குது."

நான் நம்பவில்லை. பிரபுவிடம் அந்த ரிப்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். என் கட்சிக்கு அதுதான் பலம். டாக்டரம்மா ரெண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"முன்பக்கத்துல இருக்கறது உண்மையா இருக்கலாம்ங்க. நாம சாப்பிடற பருப்பு, காய், இதுல செரிக்காம மிச்சமாகிற நாருதான் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. நீங்க சாப்பிடறத நிறுத்துனா அதுகளும் பட்டினி. சில வகை கொறஞ்சுபோகும். சில வகை வேற வழியில்லாம குடலோட உள்பூச்சையே தின்னும். உணவுக் கோளாறு வந்தவங்களுக்குக் குடல் பாக்டீரியா மாறித்தான் இருக்குது. பின்பக்கம் இருக்கறதுதான் பிரச்சனை. ஒருத்தரோட பாக்டீரியாவ வெச்சு நீங்க கத்தரிக்கா திங்காதீங்கன்னு சொல்ற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்ப வயிறு இறுகுதுங்களே, அது பொய்யா?"

"பொய் இல்லீங்க. நெசமாத்தான் இறுகுது. ரொம்ப நாள் கம்மியாச் சாப்பிட்டா இரைப்பை மெதுவாகிப் போகும், போன சோறு நகராது. அதனால உப்பும். நீங்க சோறு கெட்டதுன்னு இன்னும் கம்மி பண்ணுவீங்க. அது இன்னும் மெதுவாகும்."

இதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். "எண்ணெயச் சந்தேகப்பட்டீங்கன்னு மருமக சொன்னாங்க. பாலச் சந்தேகப்பட்டீங்க, டாக்டரச் சந்தேகப்பட்டீங்க. இந்தக் காயிதத்த மட்டும் எப்படிங்கம்மா உடனே நம்புனீங்க?"

காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அது என் பக்கம் பேசியது, அதனால் நம்பினேன். வேறென்ன.

ஆனால் நானும் விடவில்லை. "பாக்டீரியா கெட்டதால எனக்கு இந்தப் பயம் வந்துதா, இல்ல நான் சாப்பிடாததால பாக்டீரியா கெட்டுதா, அதச் சொல்லுங்க" என்றேன்.

"தெரியாதுங்கம்மா" என்றார். "ரெண்டும் ஒன்னுக்கொன்னு தள்ளிவிடுதோ என்னமோ. ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. எனக்குத் தெரியாது."

அதுவரை நான் பார்த்த யாரும் தெரியாது என்று சொன்னதில்லை. போனில் பேசினவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கலர் வட்டம் போட்டவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்னதால் இந்த அம்மாளை முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் பேசும்போது முகத்தில் எதையாவது மறைக்கிறாரா என்று தேடுவதை மட்டும் விட்டேன்.

வாசலில் நின்றிருந்த எங்கள் வீட்டுக்காரர், டாக்டரம்மா போனதும் உள்ளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "போர்ல தண்ணியில்லாம மோட்டாரப் போட்டா காயில் கருகத்தான் புள்ள செய்யும். அதுக்கு மோட்டார் கம்பெனிமேல கேஸ் போட்டா ஆச்சா?" என்றார். சொல்லிவிட்டு என் கையை எடுத்து வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார். அது மறுபடி ஏறிக்கொண்டது.

பட்டினி கிடந்த உடம்புக்குச் சோற்றை அள்ளிக் கொடுக்கக் கூடாதாம். திடீரென்று நிறைய உள்ளே போனால் இரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயத்துக்கே ஆபத்தாகிவிடும். இதை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாதவரை நாமாக உட்காரவைத்து ஊட்டித் தேற்றக் கூடாது, மருத்துவர் கண்ணெதிரில்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்து, தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்த இரத்தத்தின் மேலும் எனக்குச் சந்தேகம். "தெனமும் எடுத்து யாருக்குங்க குடுக்கறீங்க?" என்று நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன்.

"உங்க ரத்தத்த யாருங்க பாட்டி வாங்குவாங்க? உங்களுக்கே பத்தாம கெடக்குது" என்று பஞ்சை அழுத்திவிட்டுப் போனாள்.

கஞ்சியை நான் பாதிதான் குடித்தேன். எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு செலுத்த வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நாடி பார்த்துக்கொண்டே சொன்னார். என் இதயம் இன்னொரு தடவை விழுந்து எழுந்திருப்பதைத் தாங்காது என்பதையும் அப்போதே சொன்னார்.

ஒரு நாள் சாயங்காலம் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் கவிதா பிரபுவிடம் பேசுவது கேட்டது.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா சமைக்க ஒரு ஆளு பாருங்க. நான் இனி அவங்களுக்குச் சமைக்கறதா இல்ல."

"சீக்குன்னு டாக்டரே சொல்றாங்கல்ல. அம்மா வேணும்னா செய்யறாங்க?"

"சீக்கு அவங்களுக்குங்க. ஆனா தட்ட மோந்து பார்த்துட்டு நிமுந்து பார்க்கறது என்ர மூஞ்சிய. வெசம் வெச்சவளப் பார்க்கற மாதிரி. காலைல எந்திரிச்சு யாருக்காக அவிச்சுப் போடறேன் நானு?"

பிரபு எழுந்து வெளியே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் அவளைச் சந்தேகப்பட்டேனா? விஷம் என்று நினைத்ததில்லை. ஆனால் மோந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது நிஜம். எண்ணெய் பாக்கெட்டில் எதுவும் தெரியவில்லை, பால் பாக்கெட்டில் எதுவும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது ஆக்கினவள் முகம்தான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருந்தது. நான் சந்தேகமாகப் பார்த்தால் கவிதா முதலில் ஒரு வாய் தின்று காட்டுவாள். எண்ணெய் பாக்கெட்டைக் கொண்டுவந்து தேதியைக் காட்டுவாள். பிரபு கடைக்காரனுக்கே போன் போட்டுக் கேட்பான். பாசத்தில் செய்ததுதான்.

"இனிமே யாரும் எதையும் நிரூபிக்கக் கூடாதுங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு தடவ காட்டுனா அந்த வேளைக்கு மட்டும்தான் நிம்மதி. அடுத்த வேளைக்குப் புதுசாக் காட்டோணும். அது சந்தேகத்துக்குத் தீனி போடறது. என்ன போட்டீங்கன்னு கேட்டா பதில் சொல்லாதீங்க. சோத்த வெச்சிட்டு நவுந்துக்கங்க."

நல்ல பாக்டீரியா பொடி என்று விற்கிறார்களே, அதையாவது வாங்கிச் சாப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சில பேருக்குத் தருவோம்ங்க. உங்களுக்கு இப்ப வேண்டாம். அதக் குடிச்சுப்போட்டு, ஆச்சுன்னு சோத்த உட்டுருவீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

விரதமும் கூடாது என்றார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சாமியிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "டாக்டர் விடலைன்னு சொல்லுங்க. பாவம் என்னோட கணக்குல போகட்டும்" என்றார்.

சமையலுக்கு ஆள் யாரும் வரவில்லை. முதல் நாள் கவிதாதான் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசிம்பருப்பு சோறு. எங்கள் வீடுகளில் அவசரத்துக்குச் செய்வது, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குவது. சிவப்பு எழுத்தில் இருந்ததில் பாதி அந்தத் தட்டில் இருந்தது.

தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள். "எந்தக் கடப் பருப்பு, என்ன எண்ணெய், ஒன்னும் சொல்ல மாட்டேன் அத்தை. தின்னும் காட்ட மாட்டேன். கோவத்துல பேசறேன்னு நெனக்காதீங்க, டாக்டர் சொன்னதத்தான் செய்யறேன்." பாதி தூரம் போய்த் திரும்பினாள். "கோவமும் இருக்குதுங்க. அது வேற."

தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். மோந்து பார்க்கத் தலை தானாகக் குனிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் அங்கே இல்லை, உள்ளே துணி ஊறவைக்கும் சத்தம் கேட்டது. பார்க்க முகமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கெட்டதாக இருந்தால் இருக்கட்டும் என்றுதான் முதல் வாயை எடுத்தேன். நல்லது என்று நம்பி எடுத்தேன் என்று எழுதினால் அது உண்மையாகாது.

வயிறு இறுகியது. சோறெல்லாம் மேலே வந்துவிடும் போல இருந்தது. பாருங்கள், நான் சொன்னேனே என்று அது சொன்னது. இறுக்கம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக்காரரோடு தெருமுனை வரை நடந்து திரும்பினேன். அவர் கடைக்கு வந்த ஒரு பழைய மோட்டாரைப் பற்றிய நாயத்தையே போகவும் வரவும் பேசினார். ஒரு வார்த்தைகூட வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் அப்படிச் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இப்படி மாதக்கணக்கில் போனது. கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டேன், பசி பார்த்து அல்ல. பசி என்பதே இல்லை. நடுவில் ஒரு தடவை பழையபடி ஒதுக்க ஆரம்பித்து, எடை இறங்கி, டாக்டரம்மா முகம் சுருங்கியது. மறுபடி எடை ஏற்றினேன். நிறுத்தினதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். வயிற்று உப்புசம் ஒரே நாளில் போகவில்லை, தினமும் கொஞ்சம் லேசானது. குடலுக்குள் பாக்டீரியா திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. மறுபடி டெஸ்ட் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் யாராவது உங்கள் குடலைப் பற்றி ரொம்பத் தெரிந்த மாதிரி பேசினால், நீங்கள் சாப்பிடுவது குறைகிறதா கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். குறைகிறது என்றால் உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் அதைக் கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இருக்கும். வயிற்றுக்குள் புதுசாக ஏதோ செய்தது. இறுகவில்லை. யாரோ உள்ளேயிருந்து விரலால் சுரண்டுகிற மாதிரி இருந்தது. குடல்புண்தான், இத்தனை நாள் தின்றதற்கு இப்போது காட்டுகிறது என்று பயந்துபோய் அடுப்படிக்குப் போனேன். கவிதா தோசை ஊற்றி நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, டாக்டரம்மாளுக்குப் போன் போடறியா? வயித்துல என்னமோ பண்ணுது."

"எரியுதுங்களா?"

"இல்ல."

"வலிக்குதா? உப்புதா?"

"ஒன்னும் இல்ல. உள்ள ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்குது. பிடிச்சு இழுக்குது."

அவள் அடுப்பை அணைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாமா, இங்க வாங்க. அத்தைக்குப் பசிக்குதுங்களாம்."

அவர் எழுந்து வந்து அடுப்படி நிலையில் நின்றார். வெகுநாள் வராத ஒறம்பரை ஒருத்தர் வீட்டுக்கு வந்திருப்பதைப் பார்க்கிறவர் போல என் வயிற்றைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நெசமாலுமா புள்ள?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கவிதா தட்டில் பாதி தோசை இருந்தது. அதை அப்படியே என் கையில் கொடுத்தாள், நான் நின்றபடியே தின்றேன். அவள் வேறு ஊற்றினாள்.

முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் எனக்கு விசாரணை ஆரம்பிக்கும். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது நகராது. அரை நாள் அப்படியே போய்விடும். என் காலத்தில் எவ்வளவு அப்படிப் போனது என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குத் தோசை தின்ற பிறகு துணி மடிக்க உட்கார்ந்தேன். மடித்துக்கொண்டே இருந்தபோது தெருவிளக்கு போட்டார்கள். அப்போதுதான் வயிற்றின் நினைப்பே வந்தது. கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் உப்பித்தான் இருந்தது. இருக்கட்டும் என்று அடுத்த துணியை எடுத்தேன்.